மாமா கார் பீடிங்கும் சேலத்து வெயிலும்

ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். 14-வது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் டிரைவர் பக்கக் கதவிலிருந்து படபடவென்று ஒரு சத்தம். டயரில் ஏதோ மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தால், கதவின் நடுவில் நீளமாக ஒட்டியிருக்கிற கறுப்பு பீடிங்கின் முன் முனை பிய்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஓரம்கட்ட வழியில்லை, பின்னால் பஸ் வேறு. அகலமான இடம் வரும்வரை அதே சத்தத்தோடு இறங்கி, நிறுத்தி, மகனுடைய பென்சில் டப்பாவில் இருந்த செலோ டேப்பை எடுத்துக் குறுக்காக ஒட்டினேன். ஒட்டும்போதுதான் உள்ளே பார்த்தேன். பீடிங்குக்கும் கதவுக்கும் நடுவில் விரல்நுனி நுழைகிற இடைவெளி. அதில் ஈரம் காயாத செம்மண் சேறு, ஏதோ ஒரு இலையின் துணுக்கு, நார் நாராகக் கிழிந்த கறுப்புப் பஞ்சு டேப், அதற்கும் கீழே பெயின்ட்டில் கடுகு அளவுக்கு நாலைந்து துருப்புள்ளிகள்.

பக்கத்து வண்டிக் கதவு இடித்தால் கீறல் விழாமல் இருக்கட்டும் என்று ஒட்டிய பட்டை அது. இத்தனை வருஷமாகச் சேற்றையும் தண்ணீரையும் பெயின்ட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கே முடிவு செய்தேன், நாலு கதவிலும் இதை எடுத்துவிட வேண்டும்.

கார் என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம், நடுவே மிளகுக் கொடி. 2012-ல் வாங்கிய கருநீல வேகன்ஆர். கண்ணில் புரை வந்து ஆபரேஷன் ஆன பிறகு, ராத்திரியில் எதிர்வண்டி லைட் கூசுகிறது, மலைப்பாதையில் இனி ஓட்ட மாட்டேன் என்று அவராகவே சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்தார். "வித்தா பெருசா ஒண்ணும் வராது கண்ணு. நீ ஓட்டு. அப்பப்ப மேல கொண்டாந்து காட்டிட்டுப் போ, போதும்." அந்த வண்டி மேல் அவ்வளவு பிரியம் அவருக்கு. வாங்கின புதிதில் அந்தப் பிரியத்தில்தான் கடையில் இருந்ததையெல்லாம் ஒட்டியிருந்தார். கதவுகளுக்கு சைடு பீடிங், கதவு விளிம்புக்கு டோர் கார்டு, ஜன்னலுக்கு மேலே மழை வைசர், கைப்பிடிக்கும் பெட்ரோல் மூடிக்கும் குரோம் கவர், டிக்கியில் ஒரு குரோம் பட்டை, பின் கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் 'ஸ்ரீ சேர்வராயன் துணை'. கீழே சேலத்தில் இருந்திருந்தால் இவையெல்லாம் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்திருக்கலாம். மேலே ஐப்பசி கார்த்திகையில் நாள்கணக்கில் எதுவுமே காயாது. துணி காயாது, விறகு காயாது, பீடிங்குக்கு அடியில் போன தண்ணீர் மட்டும் எப்படிக் காயும்?

முதல் முயற்சியைத் தப்பான மாதத்தில் செய்துவிட்டேன். டிசம்பர் கடைசி, பள்ளி லீவு, மாமா வீட்டு வாசல், காலை எட்டு மணி. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். பிய்ந்திருந்த முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். ஒரு ஜாண் தூரம் வந்தது, அப்புறம் டக்கென்று பீடிங் இரண்டாக உடைந்து கையோடு வந்துவிட்டது. டேப் அப்படியே கதவில் இருந்தது. நகத்தால் சுரண்டினால் கல் மாதிரி இருக்கிறது. மாமாவின் சாமான் அறையில் சுவருக்குப் பட்டி பார்க்கிற தகடு ஒன்று கிடந்தது, அதை எடுத்துச் சாய்த்து வைத்துத் தள்ளினேன். டேப் வந்தது. கூடவே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடும் விழுந்தது.

மாமா வெளியே வந்து குனிந்து பார்த்தார். "விடு கண்ணு, இரும்புதானே" என்றார். சொன்னாரே தவிர, கட்டைவிரலால் அந்தக் கோட்டை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் அன்றைக்குக் கை ஓடவில்லை. மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

கொண்டலாம்பட்டி பக்கம் டிங்கரிங் பட்டறையில் ஒரு பெயின்டர் அண்ணன் இருக்கிறார், வயது அறுபதுக்குக் குறையாது. அவரிடம் காட்டினேன். அவர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டினார். "ஏம்மா, நகம் தட்டுதுன்னா கிளியர் கோட்டைத் தாண்டிப் போயிருச்சு. நகம் வழுக்கிட்டுப் போனா பாலிஷ் போட்டு எடுத்துடலாம். இது டச்-அப் பண்ணித்தான் ஆகணும்." இந்த ஒரு சோதனையை எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். கீறல் விழுந்ததும் பதறிப்போய் பாலிஷ் கிரீம் வாங்கித் தேய்ப்பதற்கு முன்னால் நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

காரின் பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. தகட்டுக்கு மேலே துரு பிடிக்காமல் காக்கிற முதல் பூச்சு, ப்ரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட், இவ்வளவும் சேர்ந்து கம்பெனி பெயின்ட்டில் சாதாரணமாக 100 முதல் 130 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது, நான் பட்டித் தகட்டைச் சாய்த்து வைத்துத் தள்ளியது ஒரு முடியைவிட மெல்லிய படலத்தின் மேலே. வெயிலையும் பறவை எச்சத்தையும் மழையையும் தாங்குவது அந்தப் படலம்தான்.

அண்ணன் சொன்ன வழி சுருக்கமானது. "இரும்பை பெயின்ட் பக்கமே கொண்டு போகாதம்மா. சூடு காட்டு, நூலை விட்டு அறு. மிச்சத்துக்குக் கட்டைவிரல் இருக்கு. ஏப்ரல் வரட்டும், சூட்டுக்குக்கூட நீ செலவு பண்ண வேணாம்."

மேலே ஏன் உடைந்தது என்று அப்புறம் உட்கார்ந்து படித்தபோது புரிந்தது. பீடிங்கை ஒட்டுகிற டபுள் சைடு டேப்பில் நடுவே ஒரு பஞ்சு, இரண்டு பக்கமும் பெரும்பாலும் அக்ரிலிக் பசை. இந்தப் பசை ஃபெவிகால் மாதிரி காய்ந்து இறுகுகிற ரகம் இல்லை. என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருந்து, ரொம்பக் கெட்டியான பாகு மாதிரி நடந்துகொள்கிறது. கமர்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கமர்கட்டைச் சட்டென்று வளைத்தால் உடையும், கைச்சூட்டில் வைத்திருந்து மெதுவாக இழுத்தால் நீளும். பசைக்கும் அதே குணம்தான், குளிரில் வேகமாக இழுத்தால் முரண்டு பிடிக்கும், சூட்டில் நிதானமாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது, சேலம் 300 மீட்டர்கூட இல்லை. ஒரே நாளில் ஒரே நேரத்தில் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் இருக்கும். நானோ டிசம்பர் காலையில், பனியில் நனைந்த வண்டியில், வேகமாக இழுத்திருக்கிறேன். பசைக்கு எதெல்லாம் பலமோ அதையெல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

சரி, ஏப்ரல் வந்தது. அழகாபுரத்தில் எங்கள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காரை நன்றாகக் கழுவினேன். இதைச் சோம்பல்பட்டு விடக்கூடாது. பீடிங் ஓரத்தில் இருக்கிற மண் நூலுக்கு அடியில் போனால், நீங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான் ஆகும். பழைய டூத் பிரஷ்ஷில் ஷாம்புத் தண்ணீர் தொட்டு பீடிங்கின் மேல் விளிம்பைத் தேய்த்தபோது வந்த அழுக்குத் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், வெயிலில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீர் இரண்டு பக்கெட் எடுத்துக்கொண்டேன். துடைத்துக் காயவிட்டு, பீடிங்கின் மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். கை தவறினாலும் நூல் அந்த டேப்பில்தான் உரசும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு இடது பக்கம் முழுக்க வெயிலில் இருந்தது. கருநீலக் கதவில் உள்ளங்கையை வைத்தேன், மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டியிருந்தது. அந்தச் சூடு போதும். அதற்கு மேல் தேவையே இல்லை, அதிகம் சூடானால் பசை இளகிக் குழம்பாகி நடுவில் அறுந்து, பாதி பெயின்ட்டிலேயே தங்கிவிடும். நிழலில் இருந்த வலது பக்கத்துக்கு மட்டும் ஹேர் ட்ரையர் பிடித்தோம். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் போக வர ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஹீட் கன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை இதற்கு எடுக்காதீர்கள், அதன் வாயில் 500 டிகிரிக்கும் மேல் போகும். கம்பெனியில் பெயின்ட்டைச் சுட வைப்பதே 140 டிகிரி போலத்தான். பட்டறையில் திரும்ப அடித்த பெயின்ட் என்றால் 60, 80 டிகிரியில் காய வைத்தது, சில இடங்களில் வெறும் வெயிலில் காய வைத்தது. அதில் ஹீட் கன் பிடித்தால் கொப்புளம் போடும்.

நூல் என்றால் தையல் நூல் இல்லை, மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு. கடையில் அரை மில்லி மீட்டர் தடிமனில் கேட்டு வாங்கினேன். ஒரு கை நீளத்துக்கு வெட்டி இரண்டு முனையையும் இரண்டு பென்சிலில் சுற்றிக்கொள்ள வேண்டும், வெறும் கையில் பிடித்தால் விரலை அறுத்துவிடும். பீடிங்கின் ஒரு முனையில் நரம்பை உள்ளே நுழைத்து, ரம்பம் போல மேலும் கீழும் இழுத்தபடி மறு முனை வரை போக வேண்டும். இதில் ஒரே ஒரு சூட்சுமம், நரம்பைக் கதவு பக்கம் அழுத்தாமல் பீடிங் பக்கமாகவே சாய்த்து இழுங்கள். அறுபடுவது பஞ்சாக இருக்க வேண்டும், கதவோடு ஒட்டிய பசைப்படலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பிரிந்த முனையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், நான் அறுத்தேன். சர்க் சர்க் என்று ஒரு சத்தம், தரையில் கறுப்புத் துகள் கொட்டுகிறது. டிசம்பரில் ஒரு ஜாணுக்கு அத்தனை பாடுபட்டேன். இப்போது முன்கதவு பீடிங் முழுசாக, வளையாமல் உடையாமல் கையில் வந்துவிட்டது. அதற்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

டிக்கியில் இருந்த குரோம் பட்டைக்கு இதே வேலையைச் செய்யும்போது பாதியில் நரம்பு நின்றுவிட்டது. பலமாக இழுக்கத் தோன்றியது, ஆனால் இழுக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஊசி தகட்டுக்குள் இறங்கியிருக்கிறது. சில பட்டைகளும் எம்பளங்களும் டேப்போடு சேர்த்து இப்படி ஊசி, கிளிப் வைத்தும் வரும். சிலதுக்கு உள்பக்கத்தில் நட் போட்டிருக்கும், டிக்கிக் கதவின் உள் அட்டையைக் கழற்றினால்தான் கை போகும். நரம்பு நிற்கிற இடத்தில் ஊசி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அதைச் சுற்றி இரண்டு பக்கமும் அறுத்துவிட்டு, கடைசியில் நேராக வெளியே இழுத்தால் வந்துவிடும். ஆனால் ஓட்டை மிஞ்சும். ஓட்டை மிஞ்சுகிற பட்டையை எடுக்கத்தான் வேண்டுமா என்று அறுப்பதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துவிட்டேன், இரண்டு ஓட்டைக்கும் துரு தடுக்கிற ப்ரைமர் தொட்டு வைத்து, பெயின்டர் அண்ணனிடம் ரப்பர் மூடி வாங்கி அடைத்தேன்.

பீடிங் போன பிறகுதான் உண்மையான வேலை. கதவில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பஞ்சு, சில இடத்தில் ஒரு மில்லி மீட்டர் கனமாக, சில இடத்தில் வெறும் கறை போல. இதற்குத்தான் கட்டைவிரல். சூடான கதவில், பஞ்சின் ஒரு ஓரத்தில் கட்டைவிரலின் சதைப் பகுதியை அழுத்தி முன்னால் தள்ள வேண்டும். முதல் நாலைந்து தடவை எதுவும் நடக்காது. அப்புறம் ஓரம் கொஞ்சம் சுருளும். அந்தச் சுருளையே திரும்பத் திரும்பத் தள்ளினால் பக்கத்தில் இருக்கிற பசையையும் தன்னோடு ஒட்டிக்கொண்டு, அழி ரப்பர் துகள் உருள்கிற மாதிரி, புழு மாதிரி உருண்டு வரும். உருண்டதை மறுபடி கதவில் ஒற்றி எடுத்தால் இன்னும் கொஞ்சம் வரும், பசையை எடுக்கப் பசையே நல்ல கருவி. கட்டைவிரல் சிவந்துபோகும், மாற்றி மாற்றி இரண்டு கையாலும் செய்யலாம். என் மகன் கேட்டு வாங்கிப் பின்கதவு ஒன்றை முழுக்க அவனே செய்தான். ஒன்பது வயசுப் பையனுக்கு அந்த உருண்டையைப் பெரிதாக்குவதில் அவ்வளவு ஆர்வம், கடைசியில் கோலிக்குண்டு அளவுக்கு வந்தது.

இப்படி முக்கால்வாசி போய்விடும். மிஞ்சுவது தொட்டால் ஒட்டுகிற ஒரு மெல்லிய பசைப்படலம். இங்கேதான் மருந்து வேண்டும், அதை வெயிலில் செய்யக்கூடாது. சூடான தகட்டில் எந்த மருந்தும் வேலை செய்வதற்கு முன்னால் ஆவியாகிவிடும், இல்லை காய்ந்து கறையாகிவிடும். அதனால் சாயங்காலம் வண்டியை நிழலுக்கு மாற்றி, கதவு ஆறிய பிறகுதான் தொட்டேன்.

நான் பயன்படுத்தியது நீலகிரித் தைலம். ஏற்காட்டுக் கடைகளில் பாட்டிலில் விற்கிற அதே யூகலிப்டஸ் தைலம்தான், மாமா வீட்டில் சளிக்கென்று எப்போதும் ஒன்று இருக்கும். பிசுபிசுக்கிற பசையை இளக்குவதில் இது கெட்டிக்காரத் தைலம். ஆனால் வலுவானதும்கூட. ரொம்ப நேரம் ஊற வைத்தால் பெயின்ட்டையே இளக்கக்கூடும், பிளாஸ்டிக்கையும் மங்கலாக்கும். அதனால் முதலில் கதவைத் திறந்து, கீழ் ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிஷம் விட்டு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் நீலம் ஏறவில்லை, பளபளப்பும் குறையவில்லை. அப்புறம்தான் பனியன் துணியில் தொட்டு, பசையின் மேல் தடவி, அரை நிமிஷம் விட்டு, ஒரே திசையில் வழித்து எடுத்தேன். துணியை மடித்து மடித்துச் சுத்தமான பக்கத்தைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த பசையைத் திரும்பப் பூசுவோம். தைலம் இல்லாதவர்கள் மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ பயன்படுத்தலாம், கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். ஸ்டிக்கர் பசை போல லேசானது என்றால் தேங்காய் எண்ணெயே போதும், தடவி அரை மணி நேரம் விட வேண்டும். எதைப் போட்டாலும் பீடியும் விளக்கும் பக்கத்தில் வேண்டாம், திறந்த வெளியில் காற்றோட்டமாகச் செய்யுங்கள். கடைசியில் ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும், எண்ணெய் எதுவும் தங்கக்கூடாது.

தின்னர் மட்டும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், தின்னரை ஒரு தடவு தடவினால் ஒரே நிமிஷத்தில் போய்விடும் என்று துணியோடு வந்தார். நல்லவேளையாக முதலில் முன் இடது கதவின் கீல் பக்கத்தில் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். துணியை எடுத்தால் துணி நீலமாக இருக்கிறது, தொட்ட இடம் நகம் பதிகிற அளவுக்கு இளகியிருக்கிறது. அந்தக் கதவு எப்போதோ திரும்ப பெயின்ட் அடித்தது. மாமாவிடம் போனில் கேட்டபோது, 2016-லோ 17-லோ ஒரு ஜீப் உரசியதைச் சொன்னார். கம்பெனி பெயின்ட் சூட்டில் இறுகியது, தின்னர் ஒரு நொடி பட்டால் தாங்கினாலும் தாங்கும். பட்டறை பெயின்ட் தாங்காது. எது திரும்ப அடித்த கதவு என்று கண்டுபிடிக்க ஜன்னல் ரப்பரின் ஓரத்தையும் கதவின் உள்மடிப்பையும் பாருங்கள், பெயின்ட் தூறல் ஒட்டியிருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம் தெரியும்.

கொரோனா சமயத்தில் வாங்கி மிஞ்சிப்போன சானிடைசரும் ஒரு பாட்டில் இருந்தது. ஆல்கஹால்தானே என்று கடைசித் துடைப்புக்கு எடுத்தேன். லேசான மிச்சத்தை எடுத்தது, ஆனால் ஒரு மங்கலான படலம் விழுந்தது. கை காயாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள், அந்தப் படலம் அதுதான். மருந்துக்கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தனியாக வாங்கி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்ததும் சுத்தமாகிவிட்டது.

பசை போன இடத்தில் துரு என்ன ஆனது என்று கேட்பீர்கள். டிரைவர் கதவில் இருந்த நாலைந்து புள்ளிகளும், பின் வலது கதவில் சின்னக் கொப்புளம் ஒன்றும் பெயின்டர் அண்ணன் கைக்குப் போயின. கொப்புளத்தை உப்புத்தாளில் சுற்றிலும் தேய்த்துத் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை கொண்டுவந்து, ப்ரைமர் வைத்து, வண்டியின் கலர் கோடு நம்பர் பார்த்துக் கலந்த பெயின்ட்டைத் தொட்டு, மேலே கிளியர் அடித்தார். கூடவே என்னுடைய அந்த வெள்ளைக் கோட்டையும் மூடினார். அருகே போய்ப் பார்த்தால் தெரியும். "இன்னும் ரெண்டு மழைக்காலம் போயிருந்தா ஓட்டையே விழுந்திருக்கும்மா" என்றார். தகட்டின் கனம் ஒரு மில்லி மீட்டர்கூட இல்லை என்பதால் அவர் சொன்னதை நம்புகிறேன்.

எல்லாம் முடிந்து கழுவித் துடைத்து, ஆறு மணி வெளிச்சத்தில் தள்ளி நின்று பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பீடிங் இருந்த இடத்தில் கதவின் குறுக்கே ஒரு பட்டை, ஆழ்ந்த, ஈரமான மாதிரி தெரிகிற நீலம். மேலும் கீழும் அதே நிறம்தான், ஆனால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. 2012-ல் ஷோரூமிலிருந்து வந்த நீலம் பீடிங்குக்கு அடியில் அப்படியே இருந்திருக்கிறது, மற்ற இடத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால் எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வெயிலில் கிளியர் கோட் மங்குகிறது, கழுவித் துடைத்துத் துடைத்து மெல்லிய கீறல்கள் விழுந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன, சாம்பல் பூப்பது அதனால்தான். பாலிஷ் போட வேண்டியது பட்டைக்கு இல்லை, சுற்றி இருக்கிற மற்ற பெயின்ட்டுக்கு. கையால் ரப்பிங் காம்பவுண்ட் மெல்லிய ரகம் போட்டு இரண்டு சாயங்காலம் தேய்த்தேன், பக்கத்தில் வந்துவிட்டது. முழுக்க ஒன்றாக்கவில்லை. இன்னும் தேய்த்தால் இருக்கிற 40 மைக்ரானில் கை வைப்பதாகும்.

பின் கண்ணாடி ஸ்டிக்கரைத் தொடவில்லை. கண்ணாடி என்றால் பிளேடே வைக்கலாம், சோப்புத் தண்ணீரில் நனைத்துப் புது பிளேடைச் சாய்த்து வைத்தால் சாதாரணமாகக் கீறல் விழாது, பெயின்ட் மாதிரி பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சேர்வராயன் பெயரை உரிக்க எனக்கு மனசு வரவில்லை. 'துணை'யில் கால் மட்டும் உரிந்திருந்தது, அதை அழுத்தி ஒட்டினேன். மழை வைசரை எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு மாமா வேண்டாம் என்றுவிட்டார், மழையில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்க அதுதான் வசதி. அதன் டேப் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் மேலே கொண்டுபோய்க் காட்டினேன். மாமா கதவோரம் குந்தி உட்கார்ந்து அந்த நீலப் பட்டையின் மேல் விளிம்பில் விரலை வைத்து, முன்கதவிலிருந்து பின்கதவு வரைக்கும் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். பின்கதவின் கடைசியில் நிறுத்தி, திரும்பவும் முன்னால் வந்து பார்த்தார். "ஒட்டினவன் பின்னாடி அரை விரக்கடை ஏத்தி ஒட்டியிருக்கான் பாரு கண்ணு. இத்தனை வருஷமா நான் நேரா இருக்குன்னே நெனச்சுட்டு இருந்தேன்." நானும் குனிந்து பார்த்தேன். ஏறித்தான் இருந்தது.